கத்தியா, கரண்டா, கீமோவா: முதலில் எது?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் புற்றுநோய் அறுவை மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வெயில் தாழ்ந்த நேரத்தில் கடற்கரைக்குப் போகாமல் புற்றுநோய் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

புற்றுக்கட்டி என்று தெரிந்த அன்று இரவே வீட்டில் மூன்று கட்சி உருவாகிவிடும். "அறுத்து எடுத்துட்டா தீர்ந்தது" என்பார் பெரியப்பா. "கத்தி பட்டா பரவிடும், கரண்ட் வச்சா போதும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர்; கரண்ட் என்று ஊரில் சொல்வது கதிர்வீச்சைத்தான். கீமோ என்ற பேச்சு எடுத்ததுமே அக்கா அழ ஆரம்பித்துவிடுவார். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நினைப்பில்தான் இந்தச் சண்டை நடக்கிறது. ஆனால் பெரும்பாலான கட்டிப் புற்றுகளுக்கு, அதிலும் கொஞ்சம் முற்றிய நிலையில் வருபவர்களுக்கு, ஒன்று மட்டும் போதாது. எதை முதலில் செய்வது, எதை எதோடு சேர்ப்பது, எதை விட்டுவிடுவது என்பதை முதல் தையல் போடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். ரத்தப் புற்றுக்குக் கணக்கே வேறு, அதை இன்று தொடவில்லை. இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டை பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். அதற்குத் தனியாக ஒரு கூட்டம் போடுங்கள், வருகிறேன்.

ஒரு சென்டிமீட்டர் அளவுக் கட்டியில் ஏறத்தாழ நூறு கோடி புற்றுச் செல்கள் இருக்கும். கீமோ மருந்து ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு பங்கைத்தான் கொல்லும். மீதி இருப்பதில் அடுத்த தடவை இன்னொரு பங்கு. அதனால் பெரிய கட்டியை மருந்தால் மட்டும் அடியோடு அழிப்பது அபூர்வம். ஆனால் மருந்து ரத்தத்தோடு போவதால், ஸ்கேனில் தெரியாமல் நுரையீரலிலோ கல்லீரலிலோ ஒளிந்திருக்கும் செல்களைத் தேடிப் பிடிக்கும். கதிர்வீச்சுக்கு ஆக்சிஜன் வேண்டும். பெரிய கட்டியின் நடுப்பகுதிக்கு ரத்தம் சரியாகப் போகாது, ஆக்சிஜனும் குறைவு, அங்கே கதிர் சரியாக வேலை செய்யாது. ஆனால் கட்டியைச் சுற்றி மெல்லிய இழைகளாகப் பரவியிருப்பதை நன்றாகச் சுட்டுவிடும். கத்தி இதற்கு நேர்மாறு: நடுவில் இருக்கும் மொத்தத்தையும் ஒரே நாளில் எடுத்துவிடும், ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாததை விட்டுவிடும். ஒன்றின் குறையை இன்னொன்று ஈடு செய்கிறது. சேர்ப்பதற்கு அடிப்படைக் காரணம் இவ்வளவுதான்.

இதை உலகம் புரிந்துகொள்ளவே எண்பது தொண்ணூறு ஆண்டுகள் ஆனது. 1880களில் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர், மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) சேர்த்து எடுக்கும் அறுவையைத் தொடங்கினார். திரும்பவும் வந்தால், நாம் போதுமான அளவு எடுக்கவில்லை என்று அர்த்தம், அடுத்த தடவை இன்னும் அகலமாக வெட்டு: இதுதான் அன்றைய சிந்தனை. பண்ருட்டிப் பக்கம் விவசாயம் பார்ப்பவர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். விதை ஏற்கனவே அடுத்த வயலுக்குப் போன பிறகு இந்த வயலில் ஆழ உழுது என்ன பயன்? பெர்னார்ட் ஃபிஷர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இதைத்தான் 1971இல் தொடங்கிய ஆய்வில் சோதித்தார். பெரிய அறுவை செய்தவர்களும் சிறிய அறுவை செய்தவர்களும் 25 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் ஒரே அளவில்தான் உயிரோடு இருந்தார்கள். அடுத்த ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்து, ஒரு குழுவுக்குக் கதிர்வீச்சும் கொடுத்தார். கதிர் இல்லாதவர்களில் 100க்கு 39 பேருக்கு 20 ஆண்டுகளுக்குள் அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர் கொடுத்தவர்களில் 14 பேருக்கு. மார்பகமும் தப்பியது, உயிருக்கும் நஷ்டமில்லை. 1976இல் மிலானில் பொனடோனா, அறுவைக்குப் பிறகு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று காட்டினார். சேர்ந்து வேலை செய்வது அன்றிலிருந்து வழக்கமானது.

நம் பக்கத்துக் கதையையும் சொல்லியாக வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியில் 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் பார்த்ததெல்லாம் வெற்றிலை, புகையிலை போட்டுக் கன்னத்தில் புற்று வந்தவர்கள், அதுவும் முற்றிய பிறகு வந்தவர்கள். இந்தக் கன்னப் புற்றுக்குக் கூட்டுச் சிகிச்சை செய்ததைப் பற்றி 1971இல் சர்வதேச இதழில் எழுதினார்கள். பிளியோமைசின் என்ற கீமோ மருந்தைக் கதிரோடு சேர்த்ததைப் பற்றி 1980இல் எழுதினார்கள். இப்போது ஊர் ஊராகப் பேசுகிற கீமோ-கதிர் கூட்டு, சென்னையில் ஏழைகளுக்கு நடந்த ஒரு மருத்துவமனையில் அவ்வளவு முன்னாலேயே முயன்று பார்த்த விஷயம். அதற்குரிய பெயர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

சரி, மூன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் நான் உங்களை நிறுத்த வேண்டியிருக்கிறது.

டெட்ராய்ட்டில் நைக்ரோ என்று ஒரு மருத்துவர். ஆசனவாய்ப் புற்று வந்தவர்களுக்கு அன்று ஆசனவாயையே எடுத்துவிட்டு வயிற்றில் பை வைப்பார்கள். அறுவையைச் சுலபமாக்கலாம் என்று அவர் முன்கூட்டியே கொஞ்சம் கதிரும் இரண்டு மருந்துகளும் கொடுத்தார். பிறகு அறுத்து எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினால், அதில் புற்றே இல்லை! 1974இல் இதை எழுதினார். அப்புறம் கேள்வி தலைகீழாகிவிட்டது: புற்றே இல்லாத இடத்தை எதற்கு வெட்டுவது? இன்று அந்த நோய்க்குக் கீமோவும் கதிரும்தான் சிகிச்சை. நோய் மிச்சம் இருந்தால் அல்லது திரும்பி வந்தால் மட்டும் கத்தி. குரல்வளைப் புற்றிலும் இப்படித்தான். முற்றிய குரல்வளைப் புற்றுக்கு முதலில் கீமோ, பிறகு கதிர் என்று கொடுத்துப் பார்த்த 1991 அமெரிக்க ஆய்வில், மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் குரல்வளையை எடுக்காமலேயே முடிந்தது. இரண்டு ஆண்டுக் கணக்கில் உயிரோடு இருந்தவர்களின் அளவும் அறுவை செய்தவர்களுக்குச் சமம்.

அப்படியானால் கன்னத்திலும் பல் ஈறிலும் வரும் புற்றுக்கும் கத்தியில்லாமல் பார்க்கலாமே? முடியாது. குரல்வளையிலிருந்து நாலு விரல்கடை மேலே வந்தால் விதி மாறிவிடுகிறது. வாய்ப் புற்றில், அறுவை செய்யக்கூடிய நிலையில் இருந்தால், முதலில் அறுவைதான். பக்கத்திலேயே தாடை எலும்பு இருக்கிறது. அதிகக் கதிர் பட்டால் எலும்பு செத்துப்போகும் ஆபத்து உண்டு. கழுத்து நெறிகளையும் அதே நாளில் எடுத்துவிட வேண்டும். நெறி வெளியே தெரியாத ஆரம்ப நிலையில்கூட, அதே நாளில் எடுத்தவர்களில் 100க்கு 80 பேர் மூன்றாண்டுகள் கழித்து உயிரோடு இருந்தார்கள். நெறி வீங்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களில் 67 அல்லது 68 பேர்தான். மும்பை டாடா மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வு இது. அதன் பிறகு பரிசோதனை முடிவு வரும். நெறியில் புற்று இருந்தால், எலும்புக்குள் போயிருந்தால், ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும். நெறியின் உறையைக் கிழித்துக்கொண்டு புற்று வெளியே வந்திருந்தாலோ, வெட்டிய ஓரத்தில் புற்று இருந்தாலோ, கதிரோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேரும். இதில் எதுவும் இல்லாத சின்னக் கட்டி என்றால் அறுவையோடு முடிந்தது. "எதுக்கும் ஒரு பாதுகாப்புக்குக் கரண்டும் வச்சிடுங்க டாக்டர்" என்று கெஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்று நான் மறுத்தால் அக்கறை இல்லாதவன் என்று நினைக்கிறார்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்று விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் மாவட்டத்துப் பெண்களுக்கு இது மிகவும் முக்கியம். வெள்ளைப்படுதல், இடையில் ரத்தப்போக்கு என்று போகிறார்கள். "கர்ப்பப்பையை எடுத்துட்டா நிம்மதி" என்று எடுத்துவிடுகிறார்கள். பத்து நாள் கழித்து ரிப்போர்ட்டில் புற்று என்று வருகிறது. இப்படி வரும் பெண்கள் ஒருவர் இருவர் இல்லை. புற்று எவ்வளவு தூரம் போயிருந்தது என்று பார்க்க எம்ஆர்ஐ எடுத்திருக்கமாட்டார்கள். கதிர் கொடுக்க உள்ளே கருவி வைக்கும் இடமே போய்விட்டிருக்கும். இனி அறுவையோடு கதிரும் சேர்த்துத் தாங்க வேண்டும், அது சாதாரண விஷயமில்லை. ஆரம்ப நிலையில் அறுவை, கதிர் இரண்டையும் ஒப்பிட்டு இத்தாலியில் ஓர் ஆய்வு நடந்தது, 1997இல் முடிவு வந்தது. இரண்டு குழுவிலும் ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தவர்கள் 83 விழுக்காடு. ஆனால் அறுவைக் குழுவில் பலருக்குப் பிறகு கதிரும் தேவைப்பட்டது. கடுமையான பின்விளைவு அந்தக் குழுவில் 28 விழுக்காடு, கதிர்க் குழுவில் 12. அதனால்தான் சொல்கிறேன், கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், முதலில் கர்ப்பப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பேப் பரிசோதனை செய்தாகிவிட்டதா, சந்தேகம் இருந்தால் பயாப்சி, அதாவது சதைத் துணுக்குப் பரிசோதனை, எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கொஞ்சம் முற்றிய நிலைக்குக் கதிரும் வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டினும்தான் சிகிச்சை. ஐந்து ஆய்வுகள் ஒரே திசையில் முடிவு காட்டியதால், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1999 பிப்ரவரியில் மருத்துவர்களுக்கு அறிவிப்பே அனுப்பியது: கதிரை மட்டும் கொடுக்காதீர்கள், மருந்தையும் சேருங்கள் என்று. சிஸ்பிளாட்டின் பிளாட்டினம் கலந்த மருந்து. 1965இல் ரோசன்பர்க் என்ற விஞ்ஞானி பாக்டீரியா இருந்த திரவத்தில் மின்சாரம் செலுத்தியபோது, பிளாட்டினக் கம்பியிலிருந்து கரைந்த ஏதோ ஒன்று பாக்டீரியா பிரிவதைத் தடுத்ததைப் பார்த்தார். அங்கே பிறந்த மருந்து இது. கதிர் பட்டு உடைந்த டிஎன்ஏவைப் புற்றுச் செல் இரவோடு இரவாகச் சரிசெய்யப் பார்க்கும். சிஸ்பிளாட்டின் அதைச் செய்யவிடாது.

வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதே நோயில் இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன. கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுத்து எடுத்தால் நன்றாக இருக்குமே என்று யாருக்கும் தோன்றும். டாடாவில் 633 பெண்களிடம் இதைக் கீமோ-கதிரோடு ஒப்பிட்டார்கள். 2018இல் வந்த முடிவு: ஐந்தாண்டு நோயில்லாமல் இருந்தவர்கள், கீமோ-கதிரில் 76.7 விழுக்காடு, கீமோவுக்குப் பிறகு அறுவையில் 69.3. யோசிக்கும்போது சரியாகத் தெரிந்தது, செய்து பார்த்தால் மட்டமாக இருந்தது. இன்னொன்று 2024இல் வந்தது, இந்தியாவும் உட்பட ஐந்து நாடுகளில் நடந்தது. ஆறு வாரம் லேசான அளவில் கீமோ, உடனே ஏழாவது வாரத்தில் வழக்கமான கீமோ-கதிர். ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தவர்கள் 72 விழுக்காட்டிலிருந்து 80க்கு ஏறினார்கள். முன்னால் கீமோ கொடுப்பது இரண்டிலும் உண்டு. ஒன்றில் அடுத்து கத்தி, இன்னொன்றில் இடைவெளியே விடாமல் கதிர்.

மலக்குடல், உணவுக்குழாய், இரைப்பை, எலும்புப் புற்று இவற்றுக்கெல்லாம் இப்போது அறுவைக்கு முன்னாலேயே ஏதாவது ஒரு சிகிச்சை கொடுப்பது பெரும்பாலும் வழக்கம். ஒவ்வொன்றாகச் சொல்ல நேரமில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி நாலாவதாக வந்து சேர்ந்திருக்கிறது, அது இன்னொரு நாள் பேச்சு.

ஆகவே யாரிடம் போவது? ஒருவரிடம் மட்டும் போகாதீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அறுவை மருத்துவனுக்கு எல்லாம் வெட்டத் தகுந்ததாகத்தான் தெரியும். மூன்று துறை மருத்துவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு நோயாளியின் ஸ்கேனைப் பார்த்துப் பேசும் இடங்களில் முடிவு எடுக்க வேண்டும். இங்கிருந்து பாண்டிச்சேரி பஸ் ஏறி இறங்கினால் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது, மண்டலப் புற்றுநோய் மையம் அங்கேயே இருக்கிறது. சென்னையில் அடையாறு இருக்கிறது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. கையில் இருக்கும் கட்டியை ஊரில் யாராவது மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்துவிட்டு, பரிசோதனைக்குக்கூட அனுப்பாமல் தூக்கி எறிந்த பிறகு அங்கே போனால், அவர்கள் பாதி வரைபடம் இல்லாமல் வழி தேட வேண்டியிருக்கும்.

கேள்விச் சீட்டுகள் வந்திருக்கின்றன. ஓர் அம்மா எழுதியிருக்கிறார்: "என் வீட்டுக்காரருக்கு வாய்ப் புற்று அறுவை முடிந்து, கரண்டும் வாரம் ஒரு கீமோவும் போகிறது. நாலாவது வாரம். வாய் முழுக்கப் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. மாசி மகத்துக்கு ஊருக்கு வந்து ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டுப் போகலாமா?"

வேண்டாம், அம்மா. இப்போதுதான் விடவே கூடாத நேரம். சிகிச்சை தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகு, மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் முன்பைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். ஒரு நாள் கூடுதலாக இழுத்தாலும், நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு விழுக்காடு குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் என்றால் நீங்களே பாருங்கள். புண்ணுக்கு வழி இருக்கிறது. உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை கொப்பளிக்கச் சொல்லுங்கள். வலிக்கு டாக்டர் தரும் மருந்து போதாவிட்டால் கேட்டு அளவைக் கூட்டுங்கள். மெடிக்கலில் சொந்தமாக வலி மாத்திரை வாங்காதீர்கள், சிஸ்பிளாட்டினோடு சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எடை குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கொள்ளலாம், புண் ஆறியதும் எடுத்துவிடுவார்கள். காய்ச்சல் 100.4க்கு மேல் போனால் இரவானாலும் உடனே ஆஸ்பத்திரி. தினமும் பஸ்ஸில் போய்வருவதுதான் கஷ்டம் என்றால், பக்கத்திலேயே தங்க இடம் இருக்கிறதா என்று அங்குள்ள சமூகப் பணியாளரிடம் கேளுங்கள்.

தவிர்க்க முடியாமல் ஒரு நாள் விட்டுப்போனால், மெஷின் பழுதானாலும் சரி, மறைக்காமல் மறுநாள் கதிர்வீச்சு டாக்டரிடம் சொல்லுங்கள். சனிக்கிழமை ஒரு தடவை சேர்த்தோ, ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை கொடுத்தோ ஈடு செய்ய அவர்களுக்கு வழி உண்டு. மாசி மகம் அடுத்த வருஷமும் வரும், தேவனாம்பட்டினம் கடற்கரையும் இங்கேயேதான் இருக்கும். அடுத்த சீட்டு யாருடையது?