ஐந்து பேரில் இரண்டு பேர்

நேயர்களுக்கு வணக்கம். இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் ஒரு சபையில் பொறுப்பில் இருப்பீர்கள். சிலர் ஆலயப் பக்கமே போகாதவர்களாக இருக்கலாம். இருவருக்கும் புரிகிற மாதிரிப் பேசப் பார்க்கிறேன்.

ஒரு சிறிய சபையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை எண்பது, தொண்ணூறு பேர் கூடுகிறார்கள். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நகரத்தின் மறுபக்கத்தில் புதிதாகக் குடியிருப்புகள் வந்துவிட்டன. அங்கே குடிபோன நாலைந்து குடும்பங்கள் இரண்டு பேருந்து மாறி ஆராதனைக்கு வருகின்றன. ஒருநாள் மூப்பர்கள், அதாவது சபையை நடத்துகிற பொறுப்பாளர்கள், கூடுகிற கூட்டத்தில் யாரோ ஒருவர், "அந்தப் பக்கமும் நமக்கு ஓர் இடம் இருந்தால் என்ன?" என்கிறார். கிளை என்கிறார்கள், இரண்டாவது கேம்பஸ் என்கிறார்கள். நான் இரண்டாம் இடம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். ஒரே சபை, ஒரே மூப்பர் குழு, கூடுகிற இடம் மட்டும் இரண்டு.

முப்பது வருடமாக மூப்பர் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் சபையிலும், உதவிக்குப் போன மற்றச் சபைகளிலும் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதற்கு அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஹால் எங்கே கிடைக்கும், வாடகை எவ்வளவு?" அந்தக் கேள்வி இரண்டாவதாக வரட்டும். முதலில் வர வேண்டியது, "யாரை அனுப்பப் போகிறோம்?" என்பது. இன்று நான் சொல்ல வந்தது ஏறக்குறைய இவ்வளவுதான்.

வேதாகமத்தில் அப்போஸ்தலருடைய நடபடிகள் 13-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அந்தியோகியா என்ற நகரத்துச் சபை. முதல் வசனத்திலேயே அங்கே போதிக்கிறவர்களின் பட்டியல் இருக்கிறது. பர்னபா, நீகர் என்னப்பட்ட சிமியோன், சிரேனே ஊரானாகிய லூகி, ஏரோதோடு வளர்ந்த மனாயீன், சவுல். ஐந்து பேர். இந்த ஐந்து பேரில் யாரை வெளியே அனுப்பினார்கள் தெரியுமா? பர்னபாவையும் சவுலையும்.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். பர்னபா யார்? அந்தச் சபை குழந்தையாக இருந்தபோது எருசலேமிலிருந்து வந்து அதைத் தாங்கிப் பிடித்தவர். சவுலைத் தேடித் தர்சு பட்டணம் வரை போய், கையோடு கூட்டி வந்தவரும் அவர்தான். இரண்டு பேருமாக ஒரு வருடம் முழுக்க அங்கே தங்கிப் போதித்தார்கள். அந்தச் சபையின் பலமே அந்த இரண்டு பேர்தான் என்று சொல்லலாம். அவர்களையே அனுப்புகிறார்கள். உபவாசமிருந்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்புகிறார்கள். மறுவாரம் அந்தியோகியாவில் போதிக்க மூன்று பேர்தான் மிச்சம். ஐந்து பேரில் இரண்டு பேர்! நம் சபையில் இதைச் செய்ய நமக்கு மனம் வருமா?

எங்கள் சபைக்கு முதல் தடவை மனம் வரவில்லை. அதை மறைக்காமல் சொல்கிறேன், இன்னொரு சபைக்கு உதவும். முதல் முறை நாங்கள் இரண்டாம் இடம் தொடங்கியபோது, இங்கே எந்த வேலையும் கெடாமல் பார்த்துக்கொண்டோம். பாடகர் குழுவில் ஒருவரையும் தொடவில்லை, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களைத் தொடவில்லை. பொறுப்பு எதுவும் இல்லாத குடும்பங்களாகப் பார்த்து, "நீங்கள் அங்கே போங்கள்" என்றோம். நல்ல மனிதர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முன்னால் நின்று பாட்டைத் தொடங்க ஆள் இல்லை, புதிதாக வருகிறவரோடு போய்ப் பேச ஆள் இல்லை. எட்டு மாதத்தில் மூடினோம்.

நான்கு வருடம் கழித்து மறுபடியும் தொடங்கினோம். இந்த முறை எங்கள் ஞாயிறு பள்ளியைப் பதினைந்து வருடமாக நடத்திக்கொண்டிருந்த அக்கா, "நான் போகிறேன்" என்று எழுந்து நின்றார். கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அவருக்குத் தெரியும். எந்தப் பிள்ளை இருட்டுக்குப் பயப்படும், எந்தப் பிள்ளையின் வீட்டில் சண்டை என்பதெல்லாம் தெரியும். அவரோடு கீபோர்டு வாசிக்கிற தம்பியும் சேர்ந்துகொண்டார். மொத்தம் இருபத்திரண்டு பேர் போனார்கள்.

அவர்கள் போன முதல் ஞாயிறு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தாய்ச் சபையில் கீபோர்டு உறை போட்டபடி ஓரமாகக் கிடந்தது. கைதட்டியே பாடினோம். பிள்ளைகள் வகுப்பு வாசலில் நின்று, அக்கா வருவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு சின்னப் பெண் அழுதாள். எனக்கும் தொண்டை அடைத்தது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். இரண்டாவது வாரம் மூன்று இளம் பெண்கள் வந்து, வகுப்பை நாங்கள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அதில் ஒருத்தி, நாலு பேர் நடுவே வாய் திறந்து பேசி நாங்கள் பார்த்ததே இல்லை. அந்த அக்கா இருந்தவரை அவளுக்கு அங்கே இடமே இல்லாமல் இருந்தது என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. யாரும் அவளைத் தடுக்கவில்லை. எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்ததால் யாரும் அவளைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நல்ல ஆளை அனுப்பினால் தாய்ச் சபை மெலிந்துவிடும் என்று பயப்படுகிறோம். சில மாதங்கள் மெலியும், உண்மைதான். ஆனால் அந்தக் காலியிடம்தான் பின்வரிசையில் இருந்தவர்களை எழுப்பியது. அதனால்தான் எந்தச் சபைக்குப் போனாலும் சொல்கிறேன்: யாரை அனுப்பினால் உங்களுக்கு வலிக்குமோ அவரை அனுப்புங்கள்.

சரி, இனி ஹாலுக்கு வருவோம். இரண்டாம் இடம் எங்கே என்று முடிவு செய்ய வரைபடத்தை விரித்து உட்கார வேண்டாம். நடந்து பாருங்கள். வார நாளில், மாலையில், பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புகிற நேரத்தில் நடந்து பாருங்கள். மக்களுக்குத் தூரம் என்பது கிலோமீட்டர் கணக்கு இல்லை. கைக்குழந்தையோடு ஒரு பெரிய சாலையைக் கடக்க வேண்டும் என்றால், எதிர்ப்பக்கம் இருநூறு மீட்டரில் இருக்கிற ஆலயமும் தூரம்தான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பக்கம் வர யோசிப்பார்கள். முன்பு சொன்ன சவுலுக்குப் பவுல் என்றும் பெயர். அந்தப் பவுல் பிலிப்பி பட்டணத்துக்குப் போனபோது என்ன செய்தார்? ஓய்வுநாளில் ஊர் வாசலுக்கு வெளியே ஆற்றங்கரைக்குப் போனார். அங்கே ஜெபத்துக்காகக் கூடுகிற பெண்களோடு உட்கார்ந்து பேசினார். லீதியாள் என்ற வியாபாரப் பெண் அங்கேதான் விசுவாசியானாள். பிறகு அவள் வீடே அவர்கள் தங்குகிற இடமாயிற்று. மக்கள் ஏற்கெனவே கூடுகிற இடம் எது என்று பவுல் பார்த்தார். நாமும் அதைத்தான் பார்க்க வேண்டும்.

கட்டடம் பெரிதாக இருக்க வேண்டும் என்ற கவலையும் வேண்டாம். சிரியா நாட்டில் யூப்ரட்டீஸ் ஆற்றங்கரையில் தூரா யூரோபோஸ் என்ற பழைய நகரம் இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 256-இல் அது போரில் விழுந்தது. 1930-களின் தொடக்கத்தில் அங்கே தோண்டியபோது கிறிஸ்தவர்கள் ஆராதனைக்குக் கூடிய ஒரு வீடு கிடைத்தது. சாதாரணக் குடியிருப்பு வீடு. அதில் இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடமாக ஆக்கியிருக்கிறார்கள். இன்னொரு சின்ன அறையை ஞானஸ்நானத்துக்கு ஒதுக்கி, சுவரில் நல்ல மேய்ப்பனின் படம் எழுதியிருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் எழுபது பேர் சுமாராக உட்காரக்கூடிய கூடம். ஒரு சுவரை எடுத்ததுதான் அவர்களுடைய பெரிய கட்டட வேலை! அந்தச் சுவரை எடுக்கச் சம்மதித்த வீட்டுக்காரரைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இப்போது ஒரு கஷ்டமான விஷயம். இரண்டு இடத்தில் கூடுகிறவர்கள் எப்படி ஒரே சபையாக இருப்பது? ஒரு வருடம் போனால் "நாங்கள்", "அவர்கள்" என்ற பேச்சு வந்துவிடும். இது புதிய பிரச்சினை இல்லை. பழைய ரோம் நகரத்தில் கிறிஸ்தவர்கள் பெருகியபோது எல்லாரும் ஒரே இடத்தில் கூட முடியவில்லை. அதனால் பேராயர் தம்முடைய நற்கருணை ஆராதனையில் பரிசுத்தப்படுத்திய அப்பத்தில் ஒரு பகுதியை எடுத்து, நகரத்துக்குள் இருந்த மற்ற ஆலயங்களுக்கு ஆள் மூலம் கொடுத்தனுப்புவார். அதற்குப் பெர்மெந்தும் என்று பெயர், புளித்த மா என்று அர்த்தம். 416-இல் ரோம் நகரத்துப் பேராயராக இருந்த முதலாம் இன்னொசென்ட் எழுதிய கடிதத்தில் இதைப் பற்றி இருக்கிறது. தங்கள் மக்களை விட்டுவிட்டு வர முடியாத குருமார், முக்கியமாக ஞாயிற்றுக்கிழமையில், தாங்கள் பிரிந்து நிற்பதாக எண்ணக் கூடாது என்பதற்காகத்தான் அது அனுப்பப்பட்டது. ஒரு துண்டு அப்பத்தை ஏந்திக்கொண்டு ஓர் ஆள் தெருவழியே நடந்து போகிறார். நினைத்துப் பாருங்கள்.

நம் சபைகளின் முறை வேறாக இருக்கலாம். அந்த அக்கறையை வைத்துக்கொள்ளலாமே. ஒவ்வொரு ஞாயிறும் அங்கிருந்து ஒருவர் இங்கே, இங்கிருந்து ஒருவர் அங்கே போகட்டும். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் குழந்தை பிறந்தது என்ற செய்தியை வாய்மொழியாகக் கொண்டுபோய்ச் சொல்லி, இரண்டு இடத்திலும் அதே பெயர்களுக்காக ஜெபிக்கட்டும். இங்கே நடக்கிற பிரசங்கத்தைத் திரையில் அங்கே காட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். பெரிய சபைகள் செய்கின்றன, அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருக்கிற அறையில், கொஞ்சம் தடுமாறினாலும் எதிரே நின்று பேசுகிற ஆள் வேண்டும். ஆராதனை முடிந்ததும் அவரிடம் போய், "நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை" என்று கேட்க முடிய வேண்டும். திரையிடம் அதைக் கேட்க முடியாது.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். காணிக்கை, கணக்கு பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணக்குப் புத்தகம் ஒன்றாக இருக்கட்டும், இரண்டு இடத்துக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கட்டும், இரண்டு இடத்து மக்களும் இரண்டு பக்கத்தையும் பார்க்கட்டும். இரண்டாம் இடத்து ஆள் ஒருவராவது மூப்பர் குழுவில் முதல் நாளிலிருந்தே உட்காரட்டும். ஒன்றரை வருடம் கழித்து ஒரு தேதியை இப்போதே குறித்து வையுங்கள். தொடர்வதா, அவர்கள் தனிச் சபையாக ஆவதா, நிறுத்துவதா என்று அன்றைக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசலாம். நாங்கள் முதல் முறை அப்படி ஒரு தேதி வைக்கவில்லை. அதனால் மூடுகிறோம் என்பதை ஒரு ஞாயிறு அறிவிப்பில்தான் அவர்கள் கேட்டார்கள். அவர்களில் இரண்டு குடும்பங்கள் இன்றுவரை எங்களிடம் திரும்பவில்லை. நன்றி, வணக்கம்.