மணிக்கு நான்கு கடல்மைல்

நேயர்களுக்கு வணக்கம்.

கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கடலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் வேலை பார்த்த சரக்குக் கப்பல்களைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். ஏசி அறை, நேரத்துக்குச் சாப்பாடு, சமைக்கத் தனி ஆள். கடல் பெரும்பாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும். அதனால் வேறொரு கப்பலைப் பற்றிப் பேசுகிறேன். கப்பல் என்பதுகூட அதிகம். 32 அடி நீளமுள்ள ஒரு மரப் படகு, நம் ஊர் டவுன் பஸ்ஸைவிடக் குட்டை. இரண்டு பாய்மரம். பெயர் சுஹைலி.

உலகத்தைத் தன்னந்தனியாக, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்காமல் முதன்முதலில் சுற்றி வந்தவர் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். 1968 ஜூன் 14ஆம் தேதி இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து கிளம்பி, 1969 ஏப்ரல் 22ஆம் தேதி அதே இடத்தில் வந்து இறங்கினார். 312 நாள். இது பலருக்குத் தெரிந்த சங்கதி. அந்தப் படகு பம்பாயில் கட்டியது என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது.

அப்போது அவர் இந்தியா, வளைகுடா பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஒரு வணிகக் கப்பல் கம்பெனியில் அதிகாரி. சொந்தமாக ஒரு படகு கட்டிக்கொள்ள ஆசை. இங்கிலாந்துக்கு எழுதி வரைபடம் கேட்டார். கேட்டது ஒன்று, வந்தது இன்னொன்று. நார்வே மீட்புப் படகுகளை ஒட்டி 1920களில் ஓர் அமெரிக்கர் வரைந்த பழைய அமைப்பு அது. முன்னும் பின்னும் கூம்பி, நடுவில் பருத்து, கனமாக இருக்கும். வேகமாகப் போகாது. சரி, வந்தது வரட்டும் என்று அதையே வைத்துக்கொண்டு பம்பாய்த் தச்சர்களிடம் கொடுத்துவிட்டார். அவர்கள் தேக்கு மரத்தை வாச்சியால் செதுக்கி, வில் கட்டிய துரப்பணத்தால் துளை போட்டுக் கட்டினார்கள். 1964 டிசம்பரில் தேங்காய் உடைத்துப் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள்.

ஆகவே, 1968இல் ஒரு பத்திரிகை இந்தப் பயணத்துக்குப் பரிசு அறிவித்து ஒன்பது பேர் கிளம்பியபோது, சுஹைலிக்கு வயது நாலுகூட ஆகவில்லை. ஆனால் அமைப்பு நாற்பது வருடப் பழசு. போட்டியிலிருந்த மற்றப் படகுகளில் சில நவீனமானவை. மூன்று உடல்கள் சேர்ந்த, ஒட்டுப்பலகையால் செய்த, காற்றில் பறக்கிற படகுகளும் இருந்தன. சுஹைலி போன வேகம், மொத்தப் பயணத்தையும் கணக்குப் போட்டால், மணிக்கு ஏறக்குறைய நான்கு கடல்மைல். நிதானமாகச் சைக்கிள் மிதிக்கிறவர் அதை முந்திவிடுவார். இருந்தாலும் ஒன்பது பேரில் பயணத்தை முடித்து ஊர் வந்து சேர்ந்தவர் இவர் ஒருவர்தான். எப்படி என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அவருடைய துணிச்சலைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று. எனக்குப் படுவது வேறு. அந்தப் படகில் எது கெட்டாலும் கையில் இருப்பதை வைத்துச் சரிசெய்ய முடிந்தது. சரிசெய்கிறவர் அந்தப் படகு பலகை பலகையாக எழுந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். நீண்ட கடல் பயணத்தில் பாதிக்கு மேல் பழுது பார்க்கும் வேலைதான், அதாவது குடித்தனம்.

முதல் சோதனை கிளம்பிய சில வாரங்களிலேயே வந்தது. அட்லாண்டிக்கில், கேப் வெர்டே தீவுகளைத் தாண்டிய பக்கம், உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. முகமூடி போட்டுக்கொண்டு கடலில் குதித்துப் பார்த்தார். அடிக்கட்டையை ஒட்டி, இரண்டு பக்கமும், பலகை இணைப்பு திறந்து திறந்து மூடுகிறது. படகு அசையும்போதெல்லாம் வாய் பிளக்கிறது.

தூத்துக்குடிக் கடற்கரையில் தோணி கட்டுகிறதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புரியும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத் திரியை வைத்து, உளியும் கொட்டாப்புளியுமாக அடித்து அடித்து இறுக்குவார்கள். கலப்பத்து வேலை என்று பெயர். கரையில், தோணி முட்டுக்கொடுத்து நிற்கும்போது செய்கிற வேலை அது. இவர் அதைத் தண்ணீருக்கடியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆடுகிற படகுக்குக் கீழே செய்யவேண்டியிருந்தது. திரியைச் சொருகிச் சுத்தியலை ஓங்குவதற்குள் மூச்சு முட்டுகிறது. மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப முங்கினால் திரி வெளியே வந்து மிதக்கிறது.

அப்புறம் ஒரு யோசனை செய்தார். மேலே உட்கார்ந்து, நீளமான கேன்வாஸ் பட்டையில் பஞ்சுத் திரியைத் தைத்தார். அதன்மேல் தார் பூசினார். செம்பு ஆணிகளை முன்கூட்டியே அந்தப் பட்டையில் குத்தி வைத்துக்கொண்டார். இனி முங்கினால் வைத்து அடிக்க வேண்டியதுதான். அதற்கு மேல் ஒரு செம்புத் தகடு. ரேடியோ பொருத்த வந்தவர்கள் மிச்சம் விட்டுப்போன தகடு. நடுவில் காபி குடிக்க மேலே ஏறினால் ஒரு சுறா சுற்ற ஆரம்பித்தது. போகிறதா என்று பொறுமையாகப் பார்த்தார். போகவில்லை. துப்பாக்கியால் சுட்டுவிட்டு, ரத்த வாடைக்கு வேறு சுறா வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து, திரும்ப இறங்கினார். தண்ணீருக்குள் வெள்ளைத் தோல் பளிச்சென்று தெரியும், சுறாவுக்கு அது அழைப்பு என்று கறுப்பாகத் தெரிகிற சட்டையும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டுதான் இதெல்லாம். ஒரு பக்கம் முடித்து, கடல் அடங்கிய பிறகு மறுபக்கமும் முடித்தார். அந்த ஒட்டுப்பட்டைகளை நம்பித்தான் மிச்ச உலகத்தைச் சுற்றினார்.

ஒரு சரக்குக் கப்பல் அதிகாரியாக இந்த இடத்தில் எனக்குப் பொறாமை உண்டு, அதை மறைக்கவில்லை. எங்கள் கப்பலில் ஒரு சில்லு கருகினால், அடுத்த துறைமுகத்தில் அதை மாற்ற ஆள் விமானத்தில் வருவார்.

தெற்குக் கடலுக்குள் போனதும் அடி விழ ஆரம்பித்தது. நாற்பது டிகிரி தெற்கு அட்சத்துக்குக் கீழே காற்றைத் தடுக்க நிலம் அதிகம் கிடையாது. அலை உலகத்தைச் சுற்றிக்கொண்டே வளர்கிறது. செப்டம்பரில் ஒரு புயல் சுஹைலியைப் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டது. மேல் கூண்டின் இணைப்புகள் அசைந்துவிட்டன. உள்ளே தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் தலைகீழ். குடிதண்ணீர்த் தொட்டிகள் கெட்டுப்போயின. இனி மழைதான் என்று ஆகிவிட்டது. மழை பெய்தால் பாயில் வழிகிற தண்ணீரை வாளியில் பிடிக்க வேண்டும். முதல் வாளியைக் குடிக்க முடியாது, பாயில் படிந்த உப்பெல்லாம் அதில் வந்துவிடும். உப்பைக் கழுவிவிடும்வரை பொறுத்திருந்து அதற்குப் பிறகு பிடிக்க வேண்டும்.

சாப்பாடு பெரும்பாலும் டின்னில் அடைத்தது. ஈரத்தில் காகித லேபிள் ஊறி உரிந்துவிடும் என்று கிளம்பும் முன்பே எல்லா லேபிளையும் கிழித்துவிட்டு, டின்னில் பெயிண்டால் குறியீடு எழுதி, துருப்பிடிக்காமல் வார்னிஷ் அடித்து அடுக்கினார். சமையல் மண்ணெண்ணெய் அடுப்பில். அடுப்பும் ஆடும், பாத்திரமும் ஆடும், சமைக்கிறவரும் ஆடுவார்.

தூக்கம் இன்னொரு கதை. கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்த காலத்தில் பன்னிரண்டு முதல் நாலு என் முறை. பகலில் நாலு மணி நேரம், இரவில் நாலு மணி நேரம். நடுவில் எட்டு மணி நேரம் கடலை மறந்துவிடலாம், வேறொருவர் கண் விழித்திருப்பார். தனியாள் படகில் அந்த வேறொருவர் இல்லை. சுக்கானைக் காற்றோடு சேர்த்துத் தானாகத் திருப்பும் ஒரு கருவி வைத்திருந்தார். அது ஆஸ்திரேலியாப் பக்கம் ஒரேயடியாக முறிந்துவிட்டது. அப்போது பாதித் தூரம்கூட ஆகவில்லை. மிச்சத் தூரத்துக்கு முன்பாயையும் பின்பாயையும் இழுத்தும் தளர்த்தியும் சமன் செய்து, படகு தன்னால் நேராகப் போகும்படி விட்டுவிட்டுத் தூங்கினார். பாய்க்கு ஏற்றபடி படகு கேட்டதென்றால் அதற்கு அந்தப் பழைய அமைப்பும் ஒரு காரணம். நீண்ட அடிக்கட்டை உள்ள கனமான படகு சட்டென்று திசை மாறாது. பந்தயப் படகுக்காரர்கள் குறை சொல்கிற அதே குணம்.

சில்லறைப் பழுதுகளுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது அவைதான். பேட்டரி சார்ஜ் செய்கிற சிறு என்ஜினில் ஒரு இடைவெளியைச் சரியாக வைக்க வேண்டும். அதை அளக்கிற தகட்டுக் கருவி கைவசம் இல்லை. ஒரு புத்தகத்தை எடுத்தார். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தாள் என்று எண்ணினார். இருநூறு. அப்படியானால் ஒரு தாள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. தேவைப்பட்ட இடைவெளிக்குத் தக்கபடி தாள்களைச் சேர்த்துச் செருகி வேலையை முடித்தார். ஈயம் தீர்ந்தபோது விளக்கு பல்புகளின் அடியில் இருக்கிற துளி ஈயத்தை உருக்கி எடுத்துப் பற்றவைத்தார். கிழிந்த பாயைத் தைக்கும்போது மீசையையும் சேர்த்துத் தைத்துவிட்டார். கைக்கு எட்டுகிற தூரத்தில் கத்தி இல்லை. கட்டிய முடிச்சை அவிழ்க்கவும் வழியில்லை. வெடுக்கென்று தலையைப் பின்னால் இழுத்து மீசையில் ஒரு கொத்தைப் பறிகொடுத்தார்.

செய்தி அனுப்பும் ரேடியோ பாதிப் பயணத்துக்கு முன்பே செத்துவிட்டது. கேட்கும் ரேடியோ மட்டும் வேலை செய்தது. அது இருந்தது பெரிய விஷயம். செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியை வைத்துச் சூரியனைப் பிடித்து இடம் கணிக்கிறவருக்கு மணி சரியாகத் தெரியவேண்டும். கடிகாரம் நாலு வினாடி தவறினால் பூமத்திய ரேகை அருகே ஒரு கடல்மைல் தள்ளிப்போய்விடும். ரேடியோவில் வரும் நேர ஒலியைக் கேட்டுக் கடிகாரத்தை ஒத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1968 நவம்பரில் நியூசிலாந்துக் கரையில் அவரைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு நாலரை மாதம் உலகத்துக்கு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் அப்போலோ 8இல் மூன்று பேர் நிலாவைச் சுற்றினார்கள். அவர்கள் பேசியது பூமி முழுக்கக் கேட்டது. அந்தச் செய்தியைச் சுஹைலியில் உட்கார்ந்து இவரும் கேட்டார். இவர் இருக்கும் இடம்தான் பூமியில் ஒருவருக்கும் தெரியாது. ஜனவரி 17ஆம் தேதி தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள ஹார்ன் முனையைத் தாண்டியதும் அவருக்கு மட்டுமே தெரிந்த சேதி. ஏப்ரல் 6ஆம் தேதி அசோர்ஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணெய்க் கப்பல் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று வீட்டாருக்குத் தெரிந்தது.

மற்ற எட்டுப் பேர்? சிலர் ஆப்பிரிக்காவைத் தாண்டும் முன்பே திரும்பினார்கள். வேகமாக வந்துகொண்டிருந்த பிரெஞ்சுக்காரர் முவாத்தெசியே பரிசே வேண்டாம் என்று பாதையை மாற்றி, தாஹித்திக்குப் போய்விட்டார். அவருடைய படகு எஃகு, அதுவும் எளிமையானதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். டெட்லி என்ற இன்னொரு போட்டியாளரின் ஒட்டுப்பலகைப் படகு ஊருக்கு ஆயிரத்துச் சொச்சம் மைல் இருக்கும்போது உடைந்து மூழ்கியது. குரோஹர்ஸ்ட் என்பவர் திரும்பவே இல்லை. அவருடைய குடும்பத்துக்குத்தான் தனக்கு வந்த 5,000 பவுண்டைக் கொடுத்தார் நாக்ஸ் ஜான்ஸ்டன்.

பழைய அமைப்பு இருந்தால் போதும், பிழைத்துவிடலாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2018இல் அதே பயணத்தைப் பழைய முறையிலேயே, ஜிபிஎஸ் இல்லாமல், மறுபடி போட்டியாக நடத்தினார்கள். இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி அதற்காக கோவாவில் சுஹைலியைப் போலவே ஒரு படகு கட்டிக்கொண்டு போனார். தூரியா என்று பெயர். தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் அதைப் புரட்டிப் போட்டது. பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பு அடிபட்டு எழுந்து நிற்க முடியாமல் படகுக்குள் கிடந்தார். ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. முறிந்த முதுகைப் புத்தகத் தாள் வைத்துச் சரிசெய்ய முடியாதே. அந்த மனிதர் 2022இல் வேறு படகில் அதே போட்டிக்குப் போய், 236 நாளில் முடித்து இரண்டாவதாக வந்தார் என்பதும் நடந்தது. போன வருடம், 2025 மே மாதம், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் அவருடைய தோழி தில்னாவும் கடற்படையின் தாரிணி படகில் உலகைச் சுற்றிவிட்டு கோவா வந்து சேர்ந்தார்கள். அது இன்னும் பெரிய, புதிய படகு, வழியில் நாலு துறைமுகத்தில் நின்று போன பயணம். அதற்குத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

சுஹைலியைப் பிற்பாடு லண்டன் கிரீனிச்சில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். மரியாதைதான். ஆனால் உள்ளே காற்று உலர்ந்த காற்று. தண்ணீரில் ஊறிப் பருத்து இறுகி நின்ற தேக்குப் பலகைகள் சுருங்க ஆரம்பித்தன. 312 நாள் கடல் செய்யாததை அருங்காட்சியகம் செய்துவிடும் போலிருந்தது. 2002இல் அவர் அதை வெளியே எடுத்துக்கொண்டு போய், வயதான காலத்தில் தன் கையாலேயே வேலை பார்க்க ஆரம்பித்தார். 2016இல் சுஹைலி மறுபடி தண்ணீரில் இறங்கியது.

நன்றி, வணக்கம்.