அம்மாவின் 555 நோட்டும் 1 வெள்ளி கிளினிக்கும்

வணக்கம் மக்களே. சுங்கை சிப்புட்டில் வழக்கமான ஒட்டுக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், பின்னால் செம்பனை லோரி போகும், சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது அம்மாவின் 555 நோட்டு, செலவு எழுதி வைக்கும் சின்னக் கணக்குப் புத்தகம். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, செக்கப் போன நாளின் பக்கத்தைக் காட்டுகிறேன், பாருங்கள். அரசாங்க கிளினிக், 1 வெள்ளி (ரிங்கிட்). மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும், அதைக் குறை சொல்லவே மாட்டேன். அதற்குக் கீழே வண்டி 20, பசியாற 6. அப்புறம் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறார்: வேலை இல்லை, 65. கான்ட்ராக்டரிடம் நாள்கூலிக்குச் செம்பனை உதிரிப் பழம் பொறுக்குகிறவர், போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஆக, 1 வெள்ளி வைத்தியத்துக்கு 92 வெள்ளி.

மலேசியச் சுகாதார அமைச்சு 2022இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இதய நோய், இனிப்பு நீர், புற்றுநோய் மூன்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 9.65 பில்லியன் வெள்ளி மருத்துவச் செலவாம், இனிப்பு நீருக்கு மட்டும் 4.38 பில்லியன். நல்ல வேலைதான், ஆனால் தலைப்பிலேயே நேரடிச் செலவு என்று போட்டிருக்கிறார்கள், அதனால் அம்மாவின் 65 அதில் வராது. வேலைக்கு வராத நாள்களை வேறோர் அறிக்கை எண்ணுகிறது, சரி, ஆனால் அது நாட்டின் உற்பத்திக்கு எவ்வளவு நட்டம் என்று பார்க்கும் கணக்கு, எங்கள் வீட்டில் அந்த வாரம் எதை வாங்காமல் விட்டோம் என்பது அதில் எங்கே இருக்கும்?

இரண்டையும் ஆங்கிலத்தில் படித்து, தமிழில் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தேன். பில்லியன் யாருக்கும் காதில் ஏறவில்லை. அப்புறம் இதே மேசையில், 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நம் இந்தியர்களில் பெரியவர்களுக்கு 31.4 விழுக்காடு இனிப்பு நீர், அதாவது பத்துக்கு மூன்று பேர் என்றேன். ஓர் அத்தை தே கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எண்ணினார். ஏழு பேர், நான்கு கை தூக்கியாயிற்று. "உன் ஆய்வு பொய்டி!" வயது ஏற ஏறக் கூடும் அத்தை, இங்கே எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள் என்று விளக்குவதற்குள் என் தேத்தண்ணி ஆறிவிட்டது. ஆனால் அன்றைக்குத்தான் மற்றவர்களும் கிளினிக் போய்வந்த செலவைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அதனால் நீங்களும் கீழே எழுதுங்கள். நோய், மருந்து விவரம் வேண்டாம். வண்டிக்கு எவ்வளவு, போன சம்பளம் எவ்வளவு, அது போதும். அடுத்த வீடியோவில் கூட்டிப் பார்க்கிறேன்.