அணைக்குப் பாட்டுக் கட்டினவர் எதிர்ப்புப் பாடகரா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. போன வீடியோவுல அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வூடி கத்ரியோட நினைவுக் கச்சேரி ஆல்பம் பத்திப் பேசினேன்ல, அதைக் கேட்டுட்டு ஒரு தம்பி எழுதியிருக்கார். "அண்ணே, கிதார் மேலயே 'இந்த மெஷின் ஃபாசிஸ்டுகளைக் கொல்லும்'னு எழுதி வச்சிருந்த ஆளுன்னு சொன்னீங்க. ஆனா ஆல்பத்துல பாப் டிலன் பாடுற மூணு பாட்டுல ஒண்ணு அரசாங்க அணையைப் புகழுது, இன்னொண்ணு ஜனாதிபதியோட மனைவிக்கு ஆறுதல் சொல்லுது. இதுல எதிர்ப்பு எங்க இருக்கு?"

சரியான இடத்துல பிடிச்சிட்டீங்க தம்பி. முதல் தடவை கேட்டப்ப எனக்கும் இது உறுத்துச்சு.

அந்தக் கச்சேரி நடந்தது 1968 ஜனவரி 20, நியூயார்க் கார்னகி ஹால்ல. வூடி இறந்து மூணரை மாசம்தான் ஆகியிருந்துச்சு. 1966 ஜூலைல பைக்ல இருந்து விழுந்த டிலன், அதுக்கப்புறம் அன்னைக்குத்தான் மேடை ஏறுறார். அப்படி வந்தவர் 'கிராண்ட் கூலி டேம்'ங்கிற அணைப் பாட்டைப் பாடுறார்!

அந்தப் பாட்டு வந்த கதை இதுதான். 1941ல பானவில் மின் நிர்வாகம்னு ஒரு அரசாங்க அமைப்பு வூடியை ஒரே ஒரு மாசத்துக்கு வேலைக்கு எடுத்துச்சு. சம்பளம் 266 டாலர் 66 சென்ட். அணைகளைப் பத்திப் பாட்டு எழுதணும்னு, காரும் டிரைவரும் கொடுத்து கிராண்ட் கூலி அணை இருக்கிற கொலம்பியா ஆத்தோரமா சுத்திக் காட்டினாங்க. மனுஷன் 26 பாட்டு எழுதிக் கொடுத்தார். கணக்குப் போட்டா ஒரு பாட்டுக்குப் பத்து டாலர்தான் வருது.

காசுக்காகப் பாடினாரான்னா, காசும் தேவைதான், குடும்பம் இருந்துச்சே. ஆனா டிலன் பாடுற மூணாவது பாட்டையும் சேர்த்துக் கேளுங்க, 'ஐ எயின்ட் காட் நோ ஹோம்'. புழுதிப் புயல்ல நிலத்தை விட்டுட்டு ஊர் ஊரா அலைஞ்ச ஓக்லஹோமா, டெக்சாஸ் ஜனங்களோட பாட்டு அது. வூடியே ஓக்லஹோமாக்காரர். அந்த ஜனத்துக்குத் தண்ணி பாயுற நிலமும், தனியார் கம்பெனி பிடியில சிக்காத மலிவான கரண்டும் இந்த அணையால வரும்னு அவர் நிஜமாவே நம்பினார். கரண்ட் பொதுச் சொத்தா, கம்பெனிச் சொத்தாங்கிறது அன்னைக்குப் பெரிய சண்டை. அதனால என் காதுக்கு அணைப் பாட்டு அந்த வீடில்லாப் பாட்டோட மறுபாதி.

அணைப் பாட்டோட மெட்டைக் கவனிச்சீங்களா? அது வூடி போட்டது இல்ல. 'வபாஷ் கேனன்பால்'னு ஒரு பழைய ரயில் பாட்டு, அந்த மெட்டுல அணையை உட்கார வச்சிட்டார். கார்னகி ஹால்ல டிலன் பின்னாடி டிரம்ஸோட ஒரு ராக் குழு வாசிக்குது பாருங்க, அங்க அந்த ரயில் திரும்ப ஓட ஆரம்பிச்சிடும்.

ஜனாதிபதி ரூஸ்வெல்ட் விஷயம் இன்னும் வேடிக்கை. 1941ல அல்மனாக் சிங்கர்ஸ்னு ஒரு இடதுசாரிக் குழு, 'எங்களைப் போருக்கு இழுக்காதே'ன்னு ரூஸ்வெல்ட்டைத் திட்டி ஒரு ஆல்பமே போட்டுச்சு. ஹிட்லர் சோவியத் மேல பாஞ்சதும் அதைச் சத்தமில்லாம வாபஸ் வாங்கிட்டாங்க. வூடி அந்தக் குழுவுல சேர்ந்தது அதுக்கப்புறம்தான். 1945ல ரூஸ்வெல்ட் இறந்ததும் வூடி அவரோட மனைவிக்கு எழுதின இரங்கல் பாட்டுதான் 'டியர் மிஸஸ் ரூஸ்வெல்ட்'. அந்தத் திட்டுப் பாட்டு ஆல்பத்துல பாடின பாடகர் பீட் சீகர் கார்னகி ஹால் மேடையில இருக்கார். அதே குழுவோட மில்லர்ட் லாம்பெல்தான் கச்சேரிக்கு வசனமே எழுதினார்.

ஒரு இடத்துல மட்டும் எனக்கு வூடி மேல வருத்தம் உண்டு. கிராண்ட் கூலி அணையில மீன் ஏறுறதுக்கு வழியே வைக்கல. மேல இருந்த கெட்டில் அருவி முழுகப் போகுதுன்னு தெரிஞ்சு, 1940 ஜூன்ல பூர்வகுடி மக்கள் அங்க கூடி மூணு நாள் 'கண்ணீர்ச் சடங்கு' நடத்தினாங்க. தலைமுறை தலைமுறையா சால்மன் பிடிச்ச இடம் அது. அடுத்த வருஷமே அங்க வந்து எழுதின அணைப் பாட்டுல அவங்க கண்ணீர் இல்ல.

அப்புறம், எந்த ரெக்கார்டை வாங்குறதுன்னும் கேட்டிருக்கீங்க. 1972ல ரெண்டு கம்பெனி ஆளுக்கு ஒரு பாகமா வெளியிட்டுச்சு. டிலன் வேணும்னா கொலம்பியா கம்பெனி போட்ட முதல் பாகம். 1970ல ஹாலிவுட் பௌல்ல நடந்த கச்சேரியையும் சேர்த்து மொத்தமா வேணும்னா, 'பேர் ஃபேமிலி' (Bear Family) கம்பெனி 2017ல போட்ட பெட்டி. விலையைப் பார்த்துட்டு என்னைத் திட்டாதீங்க.