பத்துப் பெட்டியா, பன்னிரண்டு பெட்டியா? ஒரு அறைக்கான டைல்ஸ் கணக்கு

வணக்கம். பின்னால் தெரிகிறதே, இது மணப்பாறைப் பக்கம் என் அக்கா கட்டும் வீடு. பூச்சு வேலை முடிந்தது, தரைக்குக் கான்கிரீட்டும் போட்டாயிற்று. அடுத்து டைல்ஸ் எடுக்க வேண்டும். இந்தப் படுக்கையறைக்கு மட்டும் எத்தனை பெட்டி வேண்டும் என்று இப்போது உங்கள் கண்முன்னே கணக்குப் போடப் போகிறேன். கடையில் வழக்கமாகப் போடும் கணக்கில் பத்துப் பெட்டி வரும். எனக்குப் பன்னிரண்டு வருகிறது.

முதலில் டேப். வீட்டுப் பிளானில் எழுதியிருக்கும் அளவை நம்பி டைல்ஸ் எடுக்காதீர்கள். பூச்சுக்கு அப்புறம் இருக்கும் அளவுதான் அளவு. ஒரே இடத்தில் அளந்துவிட்டு நகர்ந்துவிடவும் கூடாது. பாருங்கள், இந்த ஓரத்தில் அகலம் 11 அடி 2 இன்ச் 4 நூல் (எட்டு நூல் ஒரு இன்ச்). நடுவில் பிடித்தால் 11 அடி 3 இன்ச். அந்த ஓரத்தில் 11 அடி 2 இன்ச் 6 நூல். மேஸ்திரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எந்தச் சுவரும் இப்படித்தான் இருக்கும். மூன்றில் பெரியதை எடுத்துக்கொள்கிறேன், 11 அடி 3 இன்ச். நீளமும் அதே மாதிரி பார்த்ததில் 13 அடி 6 இன்ச். பெருக்கினால் கிட்டத்தட்ட 152 சதுர அடி.

இப்போது டைல்ஸ். ரெண்டுக்கு ரெண்டு என்று எல்லோரும் சொல்கிறோம். நான்கு சதுர அடி, ஒரு பெட்டியில் நான்கு டைல், ஆக பெட்டிக்கு 16 சதுர அடி என்று மனதிலேயே ஓடிவிடும். 152-ஐ 16-ஆல் வகுத்தால் ஒன்பதரை, பத்துப் பெட்டி. ஆனால் இந்த டைலில் டேப்பை வைக்கிறேன், கிட்டே வந்து பாருங்கள். 2 அடி இல்லை. 1 அடி 11 இன்ச் 5 நூல்தான். ஏனென்றால் இது 600 மில்லிமீட்டர் டைல், 2 அடி என்பது ஏறக்குறைய 610. பெட்டியின் பக்கவாட்டில் 1.44 சதுர மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறது, அதாவது 15.5 சதுர அடி. பெட்டிக்கு அரை சதுர அடி குறைகிறது. ஒரு அறைக்கு இது பெரிதாகத் தெரியாது. வீடு முழுக்க 1200 சதுர அடி என்றால் இரண்டு, மூன்று பெட்டி இதிலேயே போய்விடும்.

இதைவிடப் பெரிய விஷயம், சதுர அடியை வைத்து டைலை எண்ணவே முடியாது. தரையில் போவது வரிசை வரிசையாக. அதனால் வரிசையைத்தான் எண்ண வேண்டும். டைலுக்கு டைல் இடைவெளி விட 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைக்கிறோம், ஆக ஒரு டைலுக்கு 602. அறையின் அகலம் 3429 மில்லிமீட்டர். ஐந்து முழு டைல் போக 419 மிச்சம், அதற்கு ஆறாவது டைலை வெட்ட வேண்டும். வெட்டினால் 181 அகலத்தில் ஒரு துண்டு மிஞ்சும், அது இன்னொரு 419-க்கு ஆகாது. நீளம் 4115. ஆறு முழு டைல் போக 503 மிச்சம், அங்கேயும் ஏழாவது டைலை வெட்டியாக வேண்டும். ஆறு ஏழு நாற்பத்திரண்டு. தரைக்கு மட்டும் 42 டைல். பத்துப் பெட்டியில் இருப்பது 40.

சுவரோரம் மிச்சமாகும் இடம் பாதி டைலுக்குக் குறைவாக இருந்தால் ஒரு டைலில் இரண்டு துண்டு எடுக்கலாம், அங்கே கணக்கு குறையும். ஆனால் ரொம்பச் சின்னதாக, மூன்று இன்ச்சுக்கும் கீழே வந்தால் சுவரோரம் ஒரு ரிப்பன் மாதிரி அசிங்கமாகத் தெரியும். ஹால் அகலம் 12 அடி 1 இன்ச். ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் ஆறு முழு டைல் போக 71 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். அதனால் நடுவில் ஐந்து முழு டைல், இரண்டு ஓரத்திலும் 13 இன்ச் சுமாருக்கு வெட்டுத்துண்டு என்று போடச் சொல்லியிருக்கிறேன். இப்படிப் போட்டால் வரிசைக்கு ஏழு டைல் ஆகும். செலவு கொஞ்சம் ஏறினாலும் அழகாக வரும்போது ஏன் விடணும்?

அப்புறம் ஸ்கர்ட்டிங், அதாவது சுவரின் அடியில் சுற்றி ஒட்டும் டைல் பட்டி. இதை மறந்துவிட்டு வேலை நடுவில் கடைக்கு ஓடுகிறவர்கள் நிறையப் பேர். அறையைச் சுற்றி 49 அடி 6 இன்ச், வாசலுக்கு 3 அடி கழித்தால் 46 அடி 6 இன்ச். டைல் நீளத்தில் 24 பட்டி வேண்டும். நான்கு இன்ச் உயரம் வைத்தால், அந்த 181 துண்டுகளிலிருந்து ஏழு பட்டி கிடைக்கும். 503-க்கு வெட்டியதில் மிஞ்சுவது 97 மில்லிமீட்டர், நான்கு இன்ச்சுக்கு ஒன்றரை நூல் போலக் குறைகிறது, ஆகாது. மீதி 17 பட்டிக்கு, டைலுக்கு ஐந்து பட்டி வீதம் நான்கு புது டைல் வெட்ட வேண்டும். 42-ம் நான்கும் 46. பன்னிரண்டு பெட்டி எடுத்தால் 48, இரண்டு டைல் கையில் இருக்கும்.

ஸ்கர்ட்டிங்கை மூன்று இன்ச்சாகக் குறைத்தால் துண்டுகள் எல்லாமே உபயோகப்படும், ஒரே ஒரு புது டைல் போதும், பதினொரு பெட்டியில் முடிந்துவிடும். அக்காவுக்கு நான்கு இன்ச்தான் பிடித்திருக்கிறது. வீடு துடைக்கும்போது பெயின்ட்டில் அழுக்குத் தண்ணீர் படாது என்கிறார், நியாயம்தான்.

பத்து சதவீதம் சேர்த்து எடுத்தால் போதும் என்பார்கள். இந்த அறைக்கு அப்படிப் போட்டால் பதினொரு பெட்டி, 44 டைல். தரைக்குச் சரியாகிவிடும், நான்கு இன்ச் ஸ்கர்ட்டிங் பாதியில் நிற்கும். பெரிய ஹாலுக்கு அந்தப் பத்து ஓரளவு ஒத்துவரும். அறை சின்னதாக ஆக வெட்டு அதிகம். டைலைக் கோணலாக, மூலைக்கு மூலை பார்த்துப் போடுவதாக இருந்தால் இன்னும் அதிகம். பாத்ரூமில் வாட்டம் வரும் இடத்தில் தண்ணீர்க் குழியைச் சுற்றி வெட்டு விழும், அங்கேயும் தாராளமாக எடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். பெட்டியில் பேட்ச் நம்பரும் ஷேடும் அச்சிட்டிருக்கும். இறக்கும்போதே எல்லாப் பெட்டியிலும் ஒன்றா என்று பாருங்கள். நம் ஊர்க் கடைகளுக்கு வரும் டைல்ஸில் பெரும்பங்கு குஜராத்தின் மோர்பியில் சுட்டது. அடுத்த லோடு வேறு பேட்ச்சாக இருந்தால், பெயர் அதேதான், நிறத்தில் ஒரு மாற்றுத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் பதித்தால் கண்ணில் குத்தும். பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, எத்தனை நாளைக்குள் என்று முன்கூட்டியே கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.