அந்த இருபது நிமிஷம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரா விஷயத்துக்கு வர்றேன்.

கனடாவோட ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் மனோன் ரேயோம். அவங்க ஆட்ட வாழ்க்கைக்குப் பெருமை எது? 1998 நாகானோ ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கமா, 1992ல ஆண்கள் மேட்ச்ல நின்ன அந்த ஒரு பீரியடா, அதாவது ஆட்டத்துல மூணுல ஒரு பங்கான இருபது நிமிஷமா? அந்த ஒரு பீரியடுதான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணித் தலைவர் சொன்னார்: "இருபது நிமிஷம் நின்னதுக்கா இவ்வளவு ஆரவாரம்? ஒன்பது ஷாட்ல ரெண்டு கோல் விட்டவங்க! அதுவும் விளம்பரத்துக்குக் கூப்பிட்டது!" நீங்களும் கை தட்டுனீங்க.

ஐயா, அந்த இருபது நிமிஷத்துக்குள்ள ஒரு தடவை போய்ட்டு வரலாம் வாங்க.

1992 செப்டம்பர் 23. ஃபுளோரிடாவுல டாம்பா நகரம். சீசனுக்கு முன்னாடி நடக்கிற பயிற்சி ஆட்டம்தான், மறைக்கல. ஆனா வட அமெரிக்காவோட பெரிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.ல ஒரு அணிக்காக அதுக்கு முன்னாடி ஒரு பொண்ணுகூட பனியில இறங்கினதில்ல. டாம்பா பே லைட்னிங் அணிச் சட்டையில இருபது வயசுப் பொண்ணு இறங்குறா. முதுகுக்குப் பின்னாடி ஆறடி அகலம், நாலடி உயரத்துக்கு கோல். எதிர்ல செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி. கெட்டி ரப்பர் வட்டு, பக்குன்னு பேரு, கிட்டத்தட்ட 170 கிராம். அது வருது. தடுக்கிறா. மறுபடி வருது. மறுபடி தடுக்கிறா. ஏழு தடவைங்க!

விளம்பரம்னார். ஆமா, அந்த அணிக்கே அதுதான் முதல் சீசன். மேனேஜர் பில் எஸ்போசிட்டோவே அதை ஒளிச்சுப் பேசல. கூப்பிட்டவர் விளம்பரத்துக்குக் கூப்பிட்டிருக்கலாம். பாய்ஞ்சு வர்ற வட்டுக்கு அது தெரியுமா? "பொண்ணு நிக்குது, மெதுவாப் போவோம்"னு ஒரு வட்டாவது வேகத்தைக் குறைச்சுதா?

சரி, அந்த ரெண்டு கோல். ரெண்டு கோல், ரெண்டு கோல்னு மூணு தடவை சொன்னார். அடிச்சது யாருன்னு ஒரு தடவையாவது சொன்னாரா? நான் சொல்றேன். ஒண்ணு ஜெஃப் பிரவுன். இன்னொண்ணு பிரெண்டன் ஷானஹன். அந்த ஷானஹன் என்.எச்.எல்.ல மொத்தம் அடிச்சது 656 கோல்! 656! அத்தனையும் யார் காவல் காத்த கோல்? ஆம்பளைங்க காவல் காத்த கோல்! அவங்கள்ல ஒருத்தரையாவது "நீ விளம்பரத்துக்கு வந்தவன்"னு சொன்னோமா? ஒரே ஒரு பொண்ணுகிட்ட மட்டும் ஏங்க கணக்குக் கேக்கிறோம்?

நாகானோ பதக்கம் பெரிசுதான். பெண்கள் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்ல முதல் தடவை வந்த வருஷம் அது. இறுதி ஆட்டத்துல அமெரிக்கா 3-1ன்னு ஜெயிச்சுது, கனடாவுக்கு வெள்ளி. அந்தப் பதக்கம் ஒரு அணியே சேர்ந்து வாங்கினது. டாம்பாவுல அவ தனியா நின்னா.

மணி அடிச்சுட்டீங்க. ஒரே நிமிஷம், நடுவர் அவர்களே.

கியூபெக்ல ஒரு வீடு. குளிர்காலத்துல அப்பா கொல்லைப்புறத்துல தண்ணி விட்டு உறைய வைக்கிறார். அண்ணனும் தம்பியும் மட்டையோட ரெடி. அடிக்க ரெண்டு பேரும் இருக்காங்க, தடுக்க ஆள் இல்ல. வர்ற அடியெல்லாம் உடம்புல வாங்குற இடம் அது. அங்க போய் நின்னது, நடுவுல பொறந்த பொண்ணு.

தம்பி பாஸ்கல் வளர்ந்தான். என்.எச்.எல். ஆடினான். 2003ல நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியோட அந்த லீக்கோட சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையைக் கையில தூக்கினான். அந்தக் கை சின்ன வயசுல அடிச்சுப் பழகின வட்டையெல்லாம் யாருங்க வாங்கினது?

அக்கா.

அந்த அக்காவுக்குத்தான் தீர்ப்பு கேக்கிறேன், ஐயா.