வட்டத்துக்குள் நின்றவர்

வணக்கம் நேயர்களே. 2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது நான் காரைக்குடிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டி டியூட்டியில் இருந்தேன். முதல் பத்து நாள் கட்டிலெல்லாம் காலி. பைக்கில் விழுந்தவர் இல்லை, வாய்க்கால் தகராறு இல்லை. "ஊரே சாந்தமாயிருச்சு டாக்டரம்மா" என்றார் சிஸ்டர். நானும் தலையாட்டினேன்.

பிறகுதான் உறைத்தது. பஸ் ஓடவில்லை. அடி வாங்கிய பெண் தேவகோட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போக முடியாதபோது, எங்களிடம் எப்படி வருவாள்? திங்கட்கிழமைச் சந்தையில் மனசு விட்டு ஒரு வார்த்தை பேசுவாளே, அந்தச் சந்தையும் இல்லை. ஆயிரம் ஜன்னல் வீடு இருக்கிற ஊர்தான் இது. எங்களிடம் வந்தவர்களோ ஒற்றை அறை வாடகை வீட்டுக்காரர்கள். வேலை போன புருஷன், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள், மாமியார், எல்லாரும் அந்த அறைக்குள்ளேயே.

டாஸ்மாக் மூடியதும் கை நடுங்கி, இல்லாத ஆளோடு பேசிக்கொண்டு சிலர் வந்தார்கள். குடியைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மே 7-இல் கடை திறந்தது. அன்று ராத்திரி தையல் போட்டே விடிந்தது எனக்கு. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, 16-ஆம் தேதி திரும்பத் திறந்தார்கள்.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டவர்கள் கணக்கு இன்னும் சிக்கல். விபத்து குறைந்துவிட்டால், வருகிறவர்களில் இவர்கள் பங்கு மட்டும் பெரிதாகத் தெரியும். அதைப் பார்த்துப் பெருகிவிட்டது என்பதும் தப்பு, ஆள் வரவில்லை என்பதால் குறைந்துவிட்டது என்பதும் தப்பு. மனசில் விழுந்த அடி பிந்தித்தான் தெரிகிறது. அமெரிக்காவில் தற்கொலை முயற்சி என்று அவசரப் பிரிவுக்கு வந்த 12 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகள், 2021 பிப்ரவரி, மார்ச்சில் 2019-ஐவிட ஏறக்குறைய 51 சதவீதம் அதிகம். பையன்களிடம் அந்த ஏற்றம் 4 சதவீதம்கூட இல்லை. நம் நாட்டில் தற்கொலைச் சாவுகள் 2019-இல் 1,39,123, 2020-இல் 1,53,052. ஊரடங்கு ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கடன், நோய், குடி எல்லாம் அதில் கலந்து கிடக்கிறது.

ஒரு பெண்ணைச் சொல்கிறேன். புருவம் கிழிந்து வந்தாள். "குளிக்கிற இடத்துல வழுக்கிருச்சு." பேசியது அவள் இல்லை, கூட வந்த கணவர். அதற்கு முன்பும் இரண்டு தடவை வந்தவள்தான். அப்போதும் அவர்தான் பேசினார், ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவுப் புத்தகத்தில் நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். ஆனால் கொரோனா விதி, துணைக்கு வந்தவர் வெளியே சுண்ணாம்பு வட்டத்துக்குள் நிற்க வேண்டும். கதவு சாத்தியதும், "என்னத்தா ஆச்சு?" என்றேன். ஊசிக்குக்கூட அழாதவள் அதற்கு அழுதாள்.

தொற்றுக்காகப் போட்ட வட்டம், இத்தனை வருஷம் நாங்கள் கேட்காத கேள்விக்கு இடம் கொடுத்தது. அதற்கு ஒரு கிருமி வர வேண்டியிருந்தது என்பதில் எனக்கு இன்றும் வெட்கம்தான்.

மனசு தாங்கவில்லை என்றால் 14416 அல்லது 104, வீட்டில் அடி என்றால் 181. பிழைத்து வந்தால் கேஸ் போடுவார்கள் என்று பயந்து யாரையும் வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். 2017-ஆம் வருட மனநலச் சட்டம் அவர்களைத் தண்டிக்கச் சொல்லவில்லை, கவனிக்கச் சொல்கிறது.

அந்தப் பெண் கிளம்பும்போது ஏ.ஆர். காப்பி கேட்டாள். "வழுக்கி விழுந்ததுன்னு எழுதிராதீங்கம்மா" என்றாள். எழுதவில்லை.